டிசம்பரிலிருந்து பின்னோக்கி

வின்டர்பி
25 மார்ச் 1979

அன்புள்ள பெரில்,

"அந்தப் பந்தய மோட்டார் சைக்கிள்ல பிரேக்கே இல்லையாமே எனிட், அப்புறம் எப்படி நிப்பாட்டுவான்?" என்று முப்பது வருடங்களுக்கு முன் இதே ஊர் மைதானத்தில் என் காதுக்குள் கத்தினாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பதில் தெரியவில்லை. "ஓட்டுறவனையே போய்க் கேளு" என்றேன். நீ போய்க் கேட்டாய். கேட்ட கையோடு, அதை ஓட்டிய க்ளெமையே கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டாய். தெரியாத கேள்வியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்ட எந்த ஆசிரியைக்கும் இப்படி ஒரு தண்டனை கிடைத்திருக்காது.

உன் மகன் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டான். மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். பெட்டியில் துணி குறைவு, சாவிகளும் ஸ்பேனர்களும் அதிகம். க்ளெம் செய்துகொடுத்த இரும்புக் காலணியைத் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்திருந்தான். வளைவில் இடது காலைத் தரையில் உரசவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது இன்னொரு கால் மாதிரி அல்லவா!

வெள்ளிக்கிழமை முதல் பந்தயம். நம் ஊர் அணியான நாரைகள் இந்த வருடமும் இரண்டாம் பிரிவில்தான். கெல்வின் முதல் ஓட்டத்தில் கடைசியாக வந்தான், அடுத்ததில் மூன்றாவது. கடைசி ஓட்டத்தில் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் இரண்டாவதாக வந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த திருமதி டாட் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். அவள் ஊசியைக் கீழே போடுவது சாதாரண விஷயம் இல்லை. எஞ்சின்களில் எரிந்த விளக்கெண்ணெய் வாசனை என் கோட்டில் இன்னும் இருக்கிறது. துவைக்க மனம் வரவில்லை.

பந்தயம் முடிந்ததும் எல்லாரும் பாருக்குப் போனார்கள். இவன் பால் கேட்டான். அணித்தலைவர் ஆர்ச்சி விடவில்லை. "பாலா? டேய், உன்னைக் கப்பல்ல ஏத்தும்போது ஆடு மாடுன்னு எழுதி ஏத்தினாங்களா?" என்று கேட்டார். கெல்வின் சிரித்துக்கொண்டே, "எங்கப்பாவைப் பாத்து வளர்ந்தவன் நான். அது போதும் எனக்கு" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நீயும் க்ளெமும் நலம்தானே? எனக்கு வலது முழங்கால் மட்டும் தகராறு. மற்றபடி சுகம்.

பிரியமுள்ள,
எனிட்


மில்டுரா
11 ஏப்ரல் 1979

அன்புள்ள எனிட்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம்.

திராட்சை எல்லாம் காய்ந்து பெட்டிக்குள் போய்விட்டது. கடைசி வாரம் மேகம் கூடியது. நல்லவேளை, பெய்யாமல் போய்விட்டது. க்ளெம் நன்றாக இருக்கிறார். கொஞ்சம் மறதி, அவ்வளவுதான். ஐம்பத்தேழு வயதில் யாருக்குத்தான் இல்லை?

கெல்வின் குடிக்காமல் இருப்பது சந்தோஷம். அவனை எதுவும் கேட்காமல் இருந்ததும் நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள். அவன் விழுவான். விழாமல் ஓட்டுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. எலும்பு முறிந்தால் எழுது. முறிந்த எலும்பை நான் தாங்கிக்கொள்வேன், அது கூடும். மற்ற எதையும் எழுதாதே. கடிதம் இங்கே வர ஒரு வாரம் ஆகிறது. ஒரு வாரத்துப் பழைய செய்தியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. க்ளெம் ஓட்டிய காலத்தில் போதுமான அளவு உட்கார்ந்தாயிற்று.

அவனுக்குக் காலையில் இரண்டு முட்டை கொடு.

உன்,
பெரில்


வின்டர்பி
6 மே 1979

அன்புள்ள பெரில்,

நீங்கள் இருவரும் சௌக்கியமா? இங்கே எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது. நீ கேட்டபடி அதை முதலில் எழுதிவிட்டேன்.

கெல்வின் இப்போது அணியின் நடுவரிசைக்கு வந்துவிட்டான். போன வாரம் என் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "ஆன்ட்டி, பச்சையா? எங்களையெல்லாம் ஒரேயடியா அனுப்பி வைக்கிற எண்ணமா?" திருமதி டாட் உடனே தன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, "படிச்சவங்க பண்ற காரியமா இது?" என்றாள். வாய்ப்பாடு தெரிந்த அளவுக்கு எனக்குப் பச்சை ஆகாது என்கிற பந்தயக்காரர்களின் சகுனம் தெரியவில்லை.

ஒரு வேடிக்கை கேள். ஏப்ரல் கடைசியில் முதல் வளைவில் கெல்வின் ஒருமுறை சறுக்கி வேலியில் போய் விழுந்தான். எலும்புக்கு ஒன்றும் இல்லை. மைதானத்து டாக்டர் ஹாலம் அவனை உட்காரவைத்து, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னாராம். இவன் டிசம்பர், நவம்பர், ஆகஸ்ட் என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு மீதி ஓட்டங்களில் ஓட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தவன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"பள்ளிக்கூடத்துலயே எனக்கு அது வராது ஆன்ட்டி. நேரா சொன்னாலே தடுமாறுவேன். அதுக்குப் போயி உக்கார வச்சிட்டாரு."

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியும். வராத பாடத்தோடு ஒரு பையன் என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான்! பன்னிரண்டையும் மூன்று மூன்றாகப் பிரித்தேன். தட்டுக் கழுவும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மாதம். முதல் நாள் அக்டோபரில் நின்றான். அந்த வாரம் முடிவதற்குள் துணியை உதறிக்கொண்டே மூச்சுவிடாமல் சொன்னான். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு திருப்தியாக நான் எதையும் செய்ததில்லை.

முட்டை தினமும் இரண்டு.

பிரியமுள்ள,
எனிட்


மில்டுரா
28 மே 1979

அன்புள்ள எனிட்,

சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும். கொடி வெட்டும் வேலை ஆரம்பித்துவிட்டதால் அதிகம் எழுத நேரமில்லை.

உன் கடிதத்தை க்ளெமுக்குப் படித்துக் காட்டினேன். பச்சைக் கோட்டுக்குச் சிரித்தார். மாதங்கள் பற்றிய இடம் வந்ததும் அவரே சொல்ல ஆரம்பித்தார். டிசம்பர், நவம்பர், அக்டோபர். அதோடு நிறுத்திவிட்டு, பம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். பம்பு நன்றாகத்தான் ஓடுகிறது. இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்.

அந்தப் பாடம் அவனுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நீ ஆசிரியை, உனக்குத் தெரியும்.

நேற்று ரொட்டிக்கு மாவு எடுத்தபோது லாரிச் சாவி கையில் வந்தது. க்ளெம் கையில் படாமலிருக்க நான்தான் அங்கே ஒளித்து வைத்திருந்தேன். மறந்தே போய்விட்டேன். பார், எனக்கும் மறதி.

பெரில்


வின்டர்பி
24 ஜூன் 1979

அன்புள்ள பெரில்,

நலம். நலமறிய ஆவல். எலும்பெல்லாம் பத்திரம்.

நாரைகள் பட்டியலில் மூன்றாவது இடத்துக்கு ஏறியிருக்கிறார்கள். அதில் பாதி உன் மகன் எடுத்த புள்ளிகள். அணியை நடத்தும் ஸ்டெபிங்ஸ் என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுக்கிறார். "அவனுக்கு என்னம்மா போடுறீங்க சாப்பாட்டுல? மத்தவனுங்களுக்கும் கொஞ்சம் அனுப்பி வைங்க" என்கிறார். முதல் பிரிவு அணி ஒன்று அவனைக் கவனிக்கிறதாம். கோடை முடிவதற்குள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம்.

போன வெள்ளிக்கிழமை கெல்வினுக்கு முன்னால் போனவன் விழுந்து, இவன் அவன்மேல் ஏறி விழுந்தான். பின்னால் வந்த சக்கரம் ஹெல்மெட்டில் பட்டது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து நின்றான். டாக்டர் மாதங்களைக் கேட்டார். தண்ணீர் கொட்டுவதுபோலச் சொல்லிவிட்டான். "அட, என்னைவிட நல்லாச் சொல்றியே!" என்று அவரே முதுகில் தட்டி அனுப்பினார். கடைசி ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று வீட்டுக்கு எப்படி வந்தோம் என்று மறுநாள் காலையில் என்னிடம் கேட்டான். ஆர்ச்சியின் வேனில் வந்தோம் என்றேன். "ஆமால்ல" என்றான். மதியம் மறுபடியும் கேட்டான். களைப்பு. வாரத்துக்கு மூன்று ஊர் என்றால் யாருக்குத்தான் களைப்பு வராது?

க்ளெமுக்கு என் அன்பைச் சொல்.

எனிட்


வின்டர்பி
22 ஜூலை 1979

அன்புள்ள பெரில்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதுதானே?

இந்த வருடம் அவரைக்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. சின்ன வயதில் செடி ஒன்றுக்கு ஒரு குச்சி நடுவோமே, அப்படி இல்லாமல் இரண்டு வரிசைக்கும் சேர்த்துக் கயிறு கட்டினேன். பூ உதிர்வது குறைந்திருக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றுவதா மாலையில் ஊற்றுவதா என்பதில் திருமதி டாட்டுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். மாலையில் ஊற்றினால் நத்தை வருகிறது. நத்தைக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம், அது நம் வீட்டில் நிறையவே இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு இன்னும் வரவில்லை. முற்றிய காயை விதைக்கு விட்டிருக்கிறேன்.

கெல்வின் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறான். பால்காரர் பாட்டில்களை மெதுவாக வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது.

எனிட்


(அஞ்சலட்டை, வின்டர்பி, 24 ஜூலை)

அம்மா, நான் நல்லா இருக்கேன். இங்க வெயில் நல்லா அடிக்குது. போன வாரம் பதினோரு புள்ளி. ஆன்ட்டி நல்லாப் பாத்துக்குறாங்க. சாப்பாடு ஜோர். இங்க வெயில் நல்லா அடிக்குது. போன வாரம் பதினோரு புள்ளி. அம்மா, நான் நல்லா இருக்கேன். கெல்.


மில்டுரா
8 ஆகஸ்ட் 1979

அன்புள்ள எனிட்,

நாங்கள் சுகம்.

நீ அவரைக்காயைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். உனக்கு அவரைக்காய் பிடிக்காது. சின்ன வயதில் உன் தட்டிலிருந்ததையும் நான்தான் சாப்பிட்டேன்.

கெல்வினின் அட்டையும் வந்தது. அதையும் உன் கடிதத்தையும் மடித்து, சாவி இருக்கும் மாவு டப்பாவிலேயே வைத்துவிட்டேன். நான் கேட்டால் நீ பதில் எழுதிவிடுவாய். அதனால் நான் கேட்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. செவ்வாய்க்கிழமை க்ளெம் பைஜாமாவோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டார். கையில் பழைய தோல் கையுறை. எங்கே கிளம்பிவிட்டாய் என்று மளிகைக் கடைக்காரர் கேட்டதற்கு, வின்டர்பியில் பயிற்சி இருக்கிறது, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்றாராம். கடைக்காரர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "காலையிலயே கொஞ்சம் ஏத்திட்டாரு போலம்மா" என்றார். ஆமாம் என்றேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். குடிகாரனின் மனைவியிடம் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை.

பெரில்


வின்டர்பி
2 செப்டம்பர் 1979

அன்புள்ள பெரில்,

நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. இது எலும்பைப் பற்றியது இல்லை.

பதினைந்து நாட்களுக்கு முன், மதியம், தோட்டத்திலிருந்து சமையலறைக்குள் வந்தேன். மைதானத்துக்குக் கிளம்புவதற்காகக் கெல்வின் பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஏதோ பாட்டு என்று நினைத்து நின்று கேட்டேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர். முடித்ததும் மறுபடியும் டிசம்பர். சர்ச்சில் சிலர் முணுமுணுப்பார்களே, அப்படி. அவன் பக்கத்தில் உன் கடைசிக் கடிதம் பிரிக்காமல் இருந்தது. அன்று காலைதான் வந்தது. அவன் போனபிறகு பிரித்து, பஸ் நிறுத்தத்தில் க்ளெம் நின்றதைப் படித்தேன்.

பெரில், ஏழின் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும் என்று அர்த்தமில்லை. கடைக்கு அனுப்பி ஏழு பென்சில் வாங்கி மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவரச் சொன்னால்தான் தெரியும். எத்தனை இளம் ஆசிரியைகளுக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன்! தலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் இருந்தது அந்த ஒரே கேள்வி. அதை நான் தட்டுக் கழுவிக்கொண்டே வாய்ப்பாடாக்கிக் கொடுத்துவிட்டேன். மயங்கிக் கிடந்து எழுந்தாலும் அவன் நாக்கு அதைச் சொல்லும். ஜூனில் சொன்னது நாக்குதான்.

அவனிடம் பேசினேன்.

"டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்ப்பா."

"பாத்தாச்சே. எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டேனே."

"தலை வலிக்குதா இல்லையா?"

"வலிக்குது. எல்லாருக்கும் வலிக்கும். ஆர்ச்சிக்குக் கூட வலிக்கும். ஆன்ட்டி, முப்பத்தொண்ணாம் தேதி பெரிய லீக்லேர்ந்து ஆள் வராங்க. அதுவரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க. அம்மாவுக்கும் எழுதாதீங்க."

"உங்கப்பாவுக்கும் இப்படித்தான்..."

"எங்கப்பாவுக்குக் குடி!" என்று கத்தினான். கத்தியதில் அவனுக்கே வலித்தது. தலையைப் பிடித்துக்கொண்டான். "நான் குடிக்கிறதில்லையே ஆன்ட்டி. ஒரு சொட்டு கூட இல்ல. அப்புறம் எனக்கு என்ன வந்துடப்போவுது?"

அது குடி இல்லை என்று உன் கடிதத்திலிருந்து புரிந்துகொண்டிருந்தேன். சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை, அது உன்னிடம் இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. என் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீன், அது கெல்வினுக்குத் தெரியும். அதனால் அன்று மதியம் ஆட்டிறைச்சியும் பார்லியும் போட்டுக் குழம்பு வைத்தேன். பிறகு ருபார்ப் புட்டிங். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டான்.

மாலையில் மைதானத்தில் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு நேராகப் போனேன். ஸ்டெபிங்ஸ் வழியில் நின்றார். "ஆட்டோகிராப்னா ரேசுக்கு அப்புறம் வாங்கம்மா" என்று சிரித்தார். டாக்டர் ஹாலமைப் பார்க்கவேண்டும் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விழாதவனை நான் எப்படிம்மா சோதிக்கிறது?"

"ஒரே ஒரு கேள்வி கேளுங்க டாக்டர். மாசத்தைக் கேக்காதீங்க, அது நான் சொல்லிக் கொடுத்தது. இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டான்னு கேளுங்க."

ஸ்டெபிங்ஸ் குறுக்கே வந்தார். "எழுந்து நிக்கிறவன் ஓட்டுவான் டாக்டர். இன்னைக்கு யார் வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா?" டாக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் கெல்வினை அழைத்தார். சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"கெல்வின், மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"மீன்" என்றான் உடனே. "வெள்ளிக்கிழமை மீன்தானே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வேற ஏதாவது? யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல."

கெல்வின் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். நெற்றி வியர்த்தது. யாரோ வண்டியைக் கிளப்பினார்கள், அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடியபடியே நிமிர்ந்து நின்று, வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளையைப்போல, தெளிவான குரலில் சொன்னான்: "டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர்..."

ஜனவரி வரைக்கும் சொன்னான். ஒரு தவறும் இல்லை. யாரும் அதைக் கேட்கவே இல்லை, பெரில்.

ஆர்ச்சி தன் வண்டியை அணைத்துவிட்டார். ஸ்டெபிங்ஸ் தொப்பியைக் கழற்றினார், எனக்காக இல்லை. டாக்டர் மெதுவாக அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு ஆர்ச்சியின் கேரவனுக்குப் போய்விட்டான். படியில் இறங்கும்போது ஒன்று சொன்னான்: "நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, நீங்களே மாட்டிவிட்டுட்டீங்க." இரண்டும் உண்மை.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் போகமாட்டேன் என்கிறான். என் பேச்சு இனி எடுபடாது. உன் பேச்சுதான் வேண்டும்.

எனிட்


மில்டுரா
26 செப்டம்பர் 1979

எனிட்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்குமேல் ஆகிறது. முதல் வாரம் உன்மேல் கோபம். எழுதாதே என்று சொன்னேனே என்று. அடுத்த வாரம் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

இதைக் கெல்வினிடம் வாசித்துக் காட்டு. கையில் கொடுக்காதே. கொடுத்தால் கிழித்துவிடுவான்.

கெல், உன் அப்பா குடிப்பதில்லை. நீ பிறந்ததிலிருந்து அவர் குடித்ததே இல்லை. அவர் தள்ளாடுவதும், பேச்சு குழறுவதும், என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், காரணம் இல்லாமல் தட்டை எறிவதும் பந்தயத்தில் விழுந்து விழுந்து வந்தது. மெல்போர்னில் ஒரு டாக்டர் அவருக்கும் மாதங்களைத்தான் கேட்டார். அவர் அக்டோபரில் நின்றார். வெளியில் சொல்லாதே, என்னைப் பைத்தியம் என்பார்கள், குடிகாரன் என்றால் பரவாயில்லை என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். நானும் உன்னை அப்படியே நம்பவிட்டேன். நீ ஓட்டப் போகிறேன் என்றபோதாவது சொல்லியிருக்க வேண்டும். நீ ஓட்டுவதைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் முகம் தெளிவாக இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நீ கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் அவர் கால் இடறி உன்மேல் சாய்ந்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாய். அன்றைக்கு அவர் குடித்திருந்தது ஒரு கப் டீ.

வீட்டுக்கு வா.

அம்மா


வின்டர்பி
21 அக்டோபர் 1979

அன்புள்ள பெரில்,

உன் உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள். க்ளெமுக்கு என் அன்பு.

கடிதம் வந்த அன்றே ஆர்ச்சியின் கேரவனுக்குப் போனேன். கெல்வின் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். "யாரு, மாட்டிவிட்ட மகராசியா?" என்றான். ஆர்ச்சி, "டேய், அவங்க வயசுக்காவது மரியாதை குடு" என்று அதட்டிவிட்டு, வெளியில் போய்க் கதவை மூடினார். நான் நின்றுகொண்டே வாசித்தேன்.

டீ என்று முடிகிற இடம்வரை அவன் அசையவில்லை. பிறகு கேட்டான்.

"ஒரு தடவ கூடவா குடிச்சதில்ல?"

"உங்கம்மா அப்படித்தான் எழுதியிருக்கா."

"பாட்டில் ஒண்ணைக் கூட நான் வீட்டுல பாத்ததில்ல ஆன்ட்டி. ஒளிச்சு வச்சிருக்காருன்னு நினைச்சேன். பன்னெண்டு வயசுல ஷெட்டு, பம்பு ரூம் எல்லாம் தேடியிருக்கேன். கிடைக்கல. எவ்வளவு கெட்டிக்காரரா இருக்காரு பாருன்னு நினைச்சேன்."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து ஆர்ச்சி கதவைத் தட்டி, "டீ போடட்டுமா, இல்ல இன்னும் அழுவீங்களா?" என்று கேட்டார். கெல்வின் அழுதுகொண்டே சிரித்துவிட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இந்த வருடமும் அடுத்த வருடமும் வண்டி கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு என்று கெல்வின் கேட்டான். இன்னொரு தடவை அடிபட்டால் அதற்குப் பிறகு என்பதே இருக்காது என்று அந்த டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். இப்போதைய மறதி பெரும்பாலும் சரியாகிவிடலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நாரைகள் இரண்டாவது இடத்தில் முடித்தார்கள். கடைசிப் பந்தயத்தன்று கெல்வினை வளைவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே மறு கையை அசைத்தான். திருமதி டாட் பின்னிக்கொண்டிருந்தது ஒரு ஸ்வெட்டர், அவன் அளவுக்கு. மில்டுராவில் இப்போது வெயில் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வண்டியை விற்றுவிட்டான். இரும்புக் காலணியை மட்டும் பழையபடி துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறான். அப்பாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறான். நவம்பர் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வந்து சேர்வான். முடிந்தால் க்ளெமையும் ரயில் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போ. யார் இடறினாலும் இந்த முறை இன்னொருவர் பிடித்துக்கொள்வார்.

பிரேக் இல்லாத வண்டி எப்படி நிற்கும் என்று நீ கேட்டதை நேற்று கெல்வினிடம் சொன்னேன். "ஆக்சிலேட்டர் கைப்பிடியைத் திருப்பி மூடினா எஞ்சினே இழுத்துப் பிடிச்சிரும் ஆன்ட்டி" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூடணும்னு ஓட்டுறவனுக்குத் தோணணும், அவ்வளவுதான்" என்றான்.

எனக்கு முழங்கால் பரவாயில்லை.

என்றும் உன்,
எனிட்

பின்குறிப்பு: அவனிடம் மாதங்களைக் கேட்காதே. க்ளெமிடமும் கேட்காதே. இதைச் செய்து பார்: மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவி அடுக்கியபிறகு, எதிரில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேள். கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் நீயாக எடுத்துக் கொடுக்காமல் காத்திரு.